அரிசி வண்டும் சுண்டெலியும்



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "வண்டுக்கும் எலிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் கேட்டதாகச் சொன்னார்கள். நியாயமான கேள்விதான். ஒன்று பூச்சி, மற்றது பாலூட்டி. இரண்டுக்கும் பொதுவான மூதாதையைத் தேடினால் ஐம்பது கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் போக வேண்டும். எடையைப் பாருங்கள். அரிசி வண்டு ஒன்றரை, இரண்டு மில்லிகிராம் இருக்கும். சுண்டெலி 15 முதல் 20 கிராம். ஒரு சுண்டெலியைத் தராசில் வைத்தால் மறுதட்டில் ஏறக்குறைய பத்தாயிரம் வண்டுகளைக் கொட்ட வேண்டும். ஆனாலும் இரண்டும் உட்காருவது ஒரே பந்தியில். அந்தப் பந்தியில் இலை போடுகிறவர்கள் நாம்தான்.

கல்லூரிகளில் இந்த இரண்டையும் தனித்தனி ஆட்கள் படிப்பார்கள். வண்டுக்கு ஒரு துறை, எலிக்கு ஒரு துறை. மூட்டைக்கு அந்தத் துறைப் பிரிவெல்லாம் தெரியாது. அதனால் இரண்டையும் சேர்த்துப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். நான் சொல்ல வந்தது இதுதான்: எலி வெளியிலிருந்து வருகிறது, வண்டு தானியத்தோடு கூடவே வருகிறது. எலிக்குப் போட்ட காவல் வண்டிடம் செல்லாது. வண்டுக்குப் போட்ட காவலை எலி ஒரே கடியில் கெடுத்துவிடும். நம் வீடுகளிலும் கிடங்குகளிலும் ஆகிற சேதத்தில் பெரும்பங்கு, இந்த இரண்டில் ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு ஏற்பாடு செய்வதால் வருவது.

முதலில் வண்டைக் கிட்டத்தில் பார்ப்போம். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் நீளம். காப்பிக்கொட்டை நிறம். முதுகில் நான்கு மங்கிய செம்மஞ்சள் புள்ளிகள். தலை முன்னால் நீண்டு ஒரு மூக்குப் போல வளைந்திருக்கும். அந்த மூக்கின் நுனியில்தான் வாய் இருக்கிறது. இதனால்தான் இந்தக் குடும்பத்தையே கூன்வண்டு என்கிறோம். தென்னையைச் சாய்க்கும் சிவப்புக் கூன்வண்டுக்கு இது தம்பி முறை. முறத்தில் அரிசியைப் போட்டு ஒரு தட்டுத் தட்டுங்கள். வண்டு காலையும் உணர்கொம்பையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு செத்ததுபோலக் கிடக்கும். அவசரப்பட்டவர்கள் கருப்பு அரிசி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். சற்றுப் பொறுத்திருந்தால் எழுந்து, நேராக மேட்டை நோக்கி, முறத்தின் விளிம்பை நோக்கி நடக்கும். மேலே ஏறுவது அதன் சுபாவம். இதற்கு இறக்கையும் உண்டு, பறக்கும். அடுத்த வீட்டுக் கிடங்கிலிருந்து உங்கள் வயலில் முற்றி நிற்கும் கதிருக்கே வந்து முட்டையிடக் கூடியது.

சுண்டெலியைப் பற்றி அவ்வளவு விளக்கம் தேவையில்லை. எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள், பாதிப் பேர் துரத்தியிருக்கிறீர்கள். ஒரு செய்தி மட்டும். பேனா நுழைகிற ஓட்டை, ஆறு மில்லிமீட்டர் இருந்தால் போதும், அது உள்ளே வந்துவிடும். மண்டை ஓடு நுழைந்தால் உடம்பு நுழைந்த மாதிரி. "கதவடியில் விரல்கூடப் போகாது, எலி எப்படி வந்தது?" என்று கேட்கிற வீடுகளுக்கெல்லாம் இதுவே பதில்.

இரண்டுக்கும் அறிவியல் பெயர் வைத்தவர் ஒருவரே, ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ். சுண்டெலிக்கு 1758இல் வைத்தார், அரிசி வண்டுக்கு 1763இல். ஐந்து வருட இடைவெளிதான். ஆனால் பின்னாளில் விஞ்ஞானிகள் காட்டிய கவனத்தில் இடைவெளி பெரிதாகிவிட்டது. சுண்டெலியின் மரபணுத் தொகுதி 2002இல் வெளிவந்தது. அரிசி வண்டினுடையது 2021இல்தான் வந்தது. ஆய்வுக்கூடத்தில் நமக்காக உயிர்விடுகிறது என்பதால் எலிக்கு மரியாதை. உலகமெங்கும் சோற்றுப் பானையில் கை வைக்கிற வண்டுக்குப் பத்தொன்பது வருடக் காத்திருப்பு!

இரண்டும் பிள்ளை வளர்க்கும் விதத்தைச் சொல்கிறேன். இந்த ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

சுண்டெலித் தாய்க்குக் கர்ப்பம் மூன்று வாரத்துக்கு மேல் போகாது, 19 முதல் 21 நாள். ஓர் ஈற்றுக்கு ஐந்தாறு முதல் எட்டுக் குட்டிகள். பிறக்கும்போது உரோமம் கிடையாது, கண் திறந்திருக்காது, செக்கச் சிவந்த சதைத் துண்டுகள். கண் திறக்க இரண்டு வாரம் ஆகும். அதுவரை தாய் பஞ்சு, சாக்கு நூல், காகிதம் எல்லாவற்றையும் கிழித்துக் கூடு கட்டி, சூடு கொடுத்து, பால் கொடுத்து, வெளியே விழுந்ததைக் கவ்விக் கொண்டுவந்து போட வேண்டும். பெற்ற அன்றே மறுபடி கருத்தரிக்கவும் செய்யும். அதாவது ஒரு கூட்டத்துக்குப் பால், அடுத்த கூட்டத்துக்கு இரத்தம், இரண்டும் ஒரே உடம்பிலிருந்து. அந்த 20 கிராம் உடம்பு இதைத் தாங்க வேண்டுமானால் பக்கத்திலேயே தானியம் இருக்க வேண்டும். இருக்கிறது, நாம் வைத்திருக்கிறோம்.

வண்டுத் தாய் வேறு வழியைக் கண்டது. அது ஓர் அரிசியைத் தேர்ந்தெடுத்து, மூக்கால் குடைந்து ஒரு சிறு குழி போடும். திரும்பி நின்று அந்தக் குழியில் ஒரே ஒரு முட்டையிடும். பிறகு பசை போன்ற ஒன்றைச் சுரந்து குழியின் வாயை அடைக்கும். அந்த அடைப்பு அரிசியின் நிறத்திலேயே இருக்கும்; பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அவ்வளவுதான் அதன் தாய்மை. பிள்ளை முகத்தை அது பார்க்கப்போவதில்லை. அடுத்த அரிசிக்குப் போய்விடும். நாலைந்து மாத ஆயுளில் முந்நூறு, நானூறு முறை இதைச் செய்யும்.

உள்ளே பொரிந்த புழுவுக்குக் கால் கிடையாது. எதற்குக் கால்? வீடும் அதுதான், சோறும் அதுதான். சுவரைத் தின்று தின்று வளர்கிறது. ஒரே அரிசியில் இரண்டு புழு இருந்துவிட்டால் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சும். மூன்று முறை தோலுரித்து, அங்கேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, ஓடு இறுகும்வரை சில நாள் காத்திருந்து, பிறகு துளையிட்டு வெளியே வருகிறது. நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து இதற்கு ஒரு மாதம் ஆகும். "அரிசியில் வண்டு விழுந்துவிட்டது" என்று நாம் சொல்கிற நாள், உண்மையில் வண்டு எழுந்து வந்த நாள். அது ஒரு மாதத்துக்கு முன்பே உள்ளே இருந்தது. கடையில் வாங்கும்போது பளிச்சென்று இருந்த அரிசிதான். கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கண்ணுக்கும் தெரிந்திராது.

இந்த அரிசி வீட்டில் ஒரு குறை உண்டு. வெள்ளை அரிசி மாவுச்சத்து நிறைந்தது, புரதம் குறைந்தது. வண்டின் ஓடு கெட்டிப்பட டைரோசின், பினைல் அலனின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய வேண்டும். அரிசியில் அவை போதாது. அதனால் வண்டு தன் உடம்புக்குள் ஒரு பாக்டீரியாவைக் குடிவைத்திருக்கிறது. சோடாலிஸ் பியரன்டோனியஸ் என்று பெயர். தாயிடமிருந்து முட்டை வழியாகவே பிள்ளைக்கு வருகிறது. வண்டு முழு உருவம் பெற்று ஓடு கட்டுகிற நாட்களில் இந்தப் பாக்டீரியா குடலில் மளமளவென்று பெருகி அந்த அமினோ அமிலங்களைச் செய்து கொடுக்கும். ஓடு கட்டி முடிந்ததும் வண்டு என்ன செய்கிறது தெரியுமா? குடலிலிருக்கும் அந்தப் பாக்டீரியாக்களை அழித்து, கரைத்து, அதையும் சத்தாக எடுத்துக்கொள்கிறது. பெண் வண்டு மட்டும் அடுத்த தலைமுறைக்காகச் சினைப்பையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளும். பிரான்சில் லியோன் நகர ஆய்வாளர்கள் 2014இல் இதை விவரமாகக் காட்டினார்கள். வேலை முடிந்ததும் வேலையாளையே விழுங்கும் முதலாளியை மனிதரில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம் என்று நினைக்க வேண்டாம்.

சுண்டெலியும் பாக்டீரியாவை நம்பித்தான் இருக்கிறது, ஆனால் இவ்வளவு நேர்த்தி கிடையாது. அதன் பெருங்குடல் முனையில் பாக்டீரியாக்கள் பி வகை வைட்டமின்களைச் செய்கின்றன. குடலின் கடைசியில் உற்பத்தி நடப்பதால் முழுவதும் உடம்பில் சேராமல் வெளியேறிவிடும். ஆகவே எலி தன் புழுக்கையையே ஒரு பங்கு திரும்பத் தின்கிறது. கேட்க அருவருப்புதான். அதற்கு அது மருந்து.

இனிச் சேதக் கணக்கு. சுண்டெலி நாளொன்றுக்கு மூன்று, நான்கு கிராம் தின்னும். வருடத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்குள். இது பெரிய கணக்கல்ல. ஒரு வீட்டுக்காரர் இதைத் தானமாகவே விட்டுவிடலாம். சிக்கல் அது தின்கிற முறையில் இருக்கிறது. சுண்டெலி ஓரிடத்தில் உட்கார்ந்து வயிறு நிறையச் சாப்பிடுவதில்லை. ஓர் இரவில் இருபது, முப்பது இடங்களுக்குப் போய், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கொறித்துப் போடும். நெல்லானால் முன்னங்கால்களில் பிடித்து உமியை உரித்து, நடுவைத் தின்று, முளையை விட்டுவிட்டோ, முளையை மட்டும் தின்று மற்றதை விட்டுவிட்டோ அடுத்ததை எடுக்கும். போகிற இடமெல்லாம் சிறுநீர்த் துளி. ஒரு நாளைக்கு ஐம்பதுக்குக் குறையாத புழுக்கை. சால்மோனெல்லா போன்ற கிருமிகளும் கூடவே. தின்றது மூன்று கிராம். தின்னத் தகாமல் ஆக்கியது எவ்வளவோ.

வண்டின் கணக்கு வேறு மாதிரி. ஒரு பெண் வண்டு 300 முட்டையிட்டால், பாதி பெண் என்று வைத்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையில் 45,000. மூன்றாம் தலைமுறையில் 67,50,000. ஆளுக்கு ஓர் அரிசி, ஓர் அரிசி 20 மில்லிகிராம் என்றால் 135 கிலோ போச்சு! இது காகிதக் கணக்கு. நடப்பில் இப்படி ஆகாது, ஏனென்றால் நெரிசல் வரும், சூடு ஏறும், எதிரிகள் வரும். ஆனால் திசையை இது சரியாகக் காட்டுகிறது. எலி வட்டி மாதிரி மாதாமாதம் எடுக்கும். வண்டு மூன்று மாதம் ஒன்றும் தெரியாமல் இருந்துவிட்டு நாலாம் மாதம் முதலையே கேட்கும்.

சூடு என்று சொன்னேனே, அது முக்கியம். வண்டு பெருகிய மூட்டைக்குள் கையை விட்டுப் பாருங்கள், கதகதப்பு தெரியும். ஆயிரக்கணக்கான சிறு உடல்கள் மூச்சுவிடுகிற வெப்பம் அது. தானியம் வெப்பத்தை எளிதில் கடத்தாது, அதனால் மூட்டை நடுவில் சூடு தங்கி 40 டிகிரிக்கு மேலும் போகும். அந்தச் சூட்டில் எழுந்த ஈரம் குளிர்ந்த மேற்பரப்புக்கு வந்து படியும். படிந்த இடத்தில் பூஞ்சணம். கிடங்கில் பூஞ்சணத்தைப் பார்த்ததும் கூரை ஒழுகியதா என்று அண்ணாந்து பார்க்கிறோம். பல நேரம் ஈரம் கீழிருந்து, வண்டிடமிருந்து வந்திருக்கும்.

எலி இப்படிச் செய்வதில்லை. அது தன் சூட்டைத் தனக்கே வைத்துக்கொள்ளும். சொல்லப்போனால் அது இவ்வளவு தின்பதே அந்தச் சூட்டுக்காகத்தான்.

இந்த இருவரும் நம்மோடு எவ்வளவு காலமாக இருக்கிறார்கள்? விவசாயம் தொடங்கிய பிறகுதான் எலி வந்தது என்று வெகுநாள் நம்பியிருந்தார்கள். 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு அதை மாற்றியது. இன்றைய இஸ்ரேல் பகுதியில் வாழ்ந்த நட்டூஃபியர்கள் விதைத்து அறுத்தவர்கள் அல்லர். காட்டுத் தானியத்தைச் சேகரித்தவர்கள், வேட்டையாடியவர்கள். ஆனால் ஓரிடத்தில் நிலையாகத் தங்கத் தொடங்கியவர்கள். சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முந்தைய அவர்களுடைய குடியிருப்புகளிலேயே வீட்டுச் சுண்டெலியின் பற்கள் ஏராளமாகக் கிடைத்தன. அந்த மக்கள் மறுபடி இடம் மாறி அலைந்த காலங்களில் காட்டுச் சுண்டெலி இனம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. திரும்பத் தங்கியபோது வீட்டுச் சுண்டெலி திரும்பியது. ஏரை நாம் கண்டுபிடிக்கும் முன்பே, நாம் ஓரிடத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தே எலி முடிவு செய்துவிட்டது.

வண்டுக்குக் களஞ்சியம் வேண்டியிருந்தது. அரிசி வண்டின் நெருங்கிய உறவு, இறக்கை பயனற்றுப்போன கோதுமைக் கூன்வண்டு. அதன் மிச்சங்கள் அதே இஸ்ரேல் பகுதியின் கடற்கரையோரம் இன்று கடலுக்கடியில் கிடக்கும் அத்லித்-யாம் என்ற புதிய கற்காலக் கிராமத்தின் கிணற்றில் கிடைத்திருக்கின்றன. ரோமானியர்கள் பிரிட்டனுக்குப் போனபோது அதுவும் கப்பலேறியது. யார்க் நகரில் ரோமானியக் கிடங்கு ஒன்றைத் தோண்டியபோது தானியப் பூச்சிகளின் ஓடுகள் ஒரு படிவமாகவே கிடந்தன. அதன் மேல் களிமண்ணைக் கொட்டி மூடிவிட்டு அடுத்த கிடங்கைக் கட்டியிருக்கிறார்கள். தொல்லை தாங்காமல் செய்த வேலை என்றுதான் தோன்றுகிறது.

எலிக்கு நாம் ஒரு பதில் கண்டோம், பூனை. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய கல்லறையில் மனிதருக்குப் பக்கத்தில் பூனையும் புதைக்கப்பட்டிருந்தது. வண்டுக்கு அப்படி ஒரு துணை நமக்குக் கிடைக்கவில்லை என்று நினைப்போம். உண்டு, நமக்குத்தான் தெரியாது. வண்டைவிடச் சிறிய ஒரு குளவி இனம், அரிசியின் மேல் நடந்து, உள்ளே புழு இருப்பதை அறிந்து, வெளியிலிருந்தே ஊசியைச் செலுத்திப் புழுவின் மேல் முட்டையிடும். அரிசிப் பானையைத் திறக்கும்போது சிறு கொசு மாதிரி ஒன்று பறந்தால் அடித்துவிடாதீர்கள். நமக்கு வேலை செய்ய வந்ததாக இருக்கலாம்.

இரண்டு பகைவரும் ஒரே குவியலைத் தாக்கிய கதை ஒன்று வரலாற்றில் இருக்கிறது. முதல் உலகப் போர் நடந்தபோது ஆஸ்திரேலியாவில் கோதுமை நன்றாக விளைந்தது. பிரிட்டன் வாங்கவும் செய்தது. ஆனால் ஏற்றிச் செல்லக் கப்பல் இல்லை. சாக்கு மூட்டைகள் ரயில் நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மலை மலையாக வருடக்கணக்கில் கிடந்தன. 1917இல் எலிப்படை வந்தது. விக்டோரியா மாநிலத்தில் லாஸெல்ஸ் என்ற சிற்றூரில் பிடித்த எலிகளைக் குவித்து வைத்து எடுத்த புகைப்படங்களை இன்றும் பார்க்கலாம். எலிகள் சாக்கை அடியில் கடித்தன. அடி மூட்டை சரிந்தது. அடுக்கு முழுவதும் சாய்ந்து கோதுமை மண்ணில் கொட்டியது. மண்ணில் கொட்டியதில் ஈரம் ஏறியது. உடைந்தது, நனைந்தது, நாட்பட்டது எல்லாம் வண்டுக்கு விருந்து. எலி ஓய்ந்த பிறகும் வண்டு ஓயவில்லை. லண்டனில் ராயல் சொசைட்டி இதற்கென்றே தானியப் பூச்சிக் குழு ஒன்றை அமைத்தது. ஆர்தர் டெண்டி என்ற விலங்கியலாளர் காற்றுப்புகாத கலத்தில் தானியத்தை வைத்துச் சோதித்தார். வண்டுகள் உள்ளேயிருந்த ஆக்சிஜனைத் தாமே மூச்சுவிட்டுத் தீர்த்து, தாமே செத்தன. மருந்து இல்லை, மாத்திரை இல்லை.

இன்று சந்தையில் வருகிற காற்றுப்புகாப் பைகள் எல்லாம் இந்தத் தத்துவத்தில் செய்தவைதான். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் எலி நினைவிருக்கிறதா? அந்தப் பையில் எலி ஒரு கடி கடித்தால் காற்று உள்ளே போகும். சாகக் கிடந்த வண்டு எழுந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய பை வெறும் பிளாஸ்டிக் உறையாகிவிடும். காற்றுப்புகாப் பையை இரும்பு டிரம்முக்குள் வைக்காமல் வெறும் தரையில் வைப்பது பணத்தைத் தரையில் வைப்பது போலத்தான்.

மறுபக்கமும் உண்டு. நம் முன்னோர் விதையோடு அடுப்புச் சாம்பல் கலந்தார்கள், துவரைக்குச் செம்மண் கட்டினார்கள். இதை மூட நம்பிக்கை என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. பூச்சியின் ஓட்டின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு இருக்கிறது. உடம்பின் ஈரத்தைக் காப்பது அதுதான். நுண்ணிய தூள் அந்த மெழுகை உராய்ந்தோ உறிஞ்சியோ எடுத்துவிட்டால் பூச்சி உலர்ந்து செத்துவிடும். விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கில அறிஞர் 1940களில் இதைச் சோதனையில் காட்டினார். வண்டுக்குச் சாம்பல் நஞ்சு. எலிக்கோ அது வெறும் அழுக்கு, நக்கித் துடைத்துவிட்டு வேலையைப் பார்க்கும்.

நஞ்சிலும் இதே கதை. எலிக்கு வார்ஃபரின் 1940களின் கடைசியில் வந்தது. இரத்தம் உறையாமல் செய்து கொல்லும். சில ஆண்டுகளிலேயே அதற்கு அசையாத எலிகள் தோன்றிவிட்டன. ஐரோப்பாவில் சில சுண்டெலிகள் அந்த எதிர்ப்புத் திறனை அல்ஜீரியச் சுண்டெலி என்ற வேறோர் இனத்தோடு கலந்து அதன் மரபணு வழியே பெற்றன என்று 2011இல் கண்டார்கள். வண்டுக்கு பாஸ்பீன் வாயு. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வருவது. மூட்டையடுக்கை மூடிப் பல நாள் வைத்தால்தான் அரிசிக்குள் இருக்கும் முட்டையும் கூட்டுப்புழுவும் சாகும், ஏனென்றால் அவை மிக மெதுவாக மூச்சுவிடுகின்றன. அவசரப்பட்டு இரண்டே நாளில் பிரித்தால் வெளியே திரியும் வண்டு மட்டும் சாகும். பலமானவை மிஞ்சிப் பெருகும். இந்த அரைகுறை வேலையால் பல நாடுகளில், இந்தியாவிலும், தானியப் பூச்சிகளுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிட்டது. ஓர் எச்சரிக்கை: அந்த மாத்திரையை வீட்டு அரிசியில் போட எவராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அது மனிதரையும் கொல்லும். பயிற்சி பெற்றவர் கையில் மட்டும் இருக்க வேண்டிய பொருள்.

நம் பக்கத்துக்கு வருவோம். காவிரி டெல்டாவில், பாபநாசம் திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்துச் செங்கல் களஞ்சியம் இருக்கிறது. 3,000 கலம் நெல் பிடிக்கும் என்பார்கள். உருண்டைச் சுவர், மேலே கூம்பிய கூரை. ஏறிப் பிடிக்க மூலை இல்லாத கெட்டிச் சுவர் எலிக்குத் தொந்தரவு. ஆனால் அதைவிடப் புத்திசாலித்தனமான விஷயம் உள்ளே வைத்தது: நெல், அரிசி அல்ல. உமி பிளக்காத நெல்லில் அரிசி வண்டு எளிதில் மூக்கை நுழைக்க முடியாது. உமி அதற்குக் கோட்டைச் சுவர். அந்துப்பூச்சிக்கும் நெல் துளைப்பானுக்கும் அந்தக் கோட்டை செல்லாது, அது வேறு பேச்சு. ஆனாலும் நெல்லாக வைத்துத் தேவைக்கு அரைத்துக்கொண்ட வழக்கத்தில் கணக்கு இருந்தது. மில்லில் மொத்தமாக அரைத்து ஆறு மாத அரிசியை மூட்டையில் வைக்கிற நாம் அந்தச் சுவரை நாமே இடித்துவிட்டு வண்டைத் திட்டுகிறோம்.

வேப்பிலை, நொச்சி, வசம்பு, காய்ந்த மிளகாய் எல்லாம் போடுகிறோம். போடுங்கள், தவறில்லை. பறந்து வருகிற புது வண்டை வாசனை கொஞ்சம் தயங்க வைக்கும். ஆனால் அரிசிக்குள் அடைபட்டிருக்கும் புழுவுக்கு இலையின் வாசனை என்ன செய்யும்? வெயிலில் பரப்புவதும் அப்படியே. மேலே இருக்கும் வண்டு ஓரத்துக்கு ஓடிப்போகும், ஓடிப்போய் நிழலில் காத்திருக்கும். உள்ளே இருப்பது சாக 50 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வெள்ளை அரிசியை அப்படி வெயிலில் காயவைத்தால் விரிசல் விட்டு நொய்யாகிவிடும். ஐந்து, பத்துக் கிலோ வாங்குகிற நகரத்துக் குடும்பம் என்றால் அரிசியை ஒரு வாரம் பிரீசரில் வைத்து எடுப்பது இதைவிட நல்லது. முட்டை, புழு எல்லாம் சேர்ந்து சாகும்.

கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் செய்த பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது. துளையிட்ட ஒரு குழாய், அடியில் ஒரு கூம்பு. அரிசிக்குள் செருகி வைத்தால், உள்ளே அலைகிற வண்டு துளை வழியே காலியிடத்துக்குள் நுழைந்து கீழே விழுந்துவிடும், வழுவழுப்பான கூம்பில் ஏற முடியாது. மருந்து கிடையாது, மின்சாரம் கிடையாது. இதன் பெரிய பயன் பிடிப்பதில் இல்லை, முன்கூட்டியே தெரிவிப்பதில் இருக்கிறது. ஒரு வண்டு விழுந்தால் எச்சரிக்கை. ஐம்பது விழுந்தால் தாமதம்.

எலிப்பொறியில் இவ்வளவு சிந்தனை வேண்டாம். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் பல நாள் ஒதுங்கும், சுண்டெலி அப்படியல்ல, ஆர்வம் தாங்காது. பொறி வைத்த முதல் இரண்டு இரவுகளில் அது மாட்டவில்லை என்றால் இடம் தப்பு. அறை நடுவில் வைக்காதீர்கள். சுவரோரம், இரண்டு மூன்று அடிக்கு ஒன்றாக வையுங்கள். அதன் உலகமே சில மீட்டர்தான்.

கடைசியாக ஈரம். வண்டுக்கும் எலிக்கும் தண்ணீர்ப் பானை தேவையில்லை. தின்ற மாவை எரித்து அதிலிருந்து வருகிற நீரையே உடம்புக்கு வைத்துக்கொள்ளும் வித்தை இருவருக்கும் தெரியும். ஆனால் இந்த வித்தையில் எலி தேர்ந்தது, வண்டு அரைகுறை. நன்றாக உலர்ந்த தானியத்திலும் எலி சமாளித்துவிடும். தானியத்தின் ஈரம் 12 விழுக்காட்டுக்கு இறங்கினால் வண்டின் பெருக்கம் தளர்கிறது, 10க்குக் கீழ் போனால் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. நம் இரு பகைவரையும் பிரிக்கிற கோடு இதுதான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 விழுக்காடு வரை ஈரம் இருந்தால் எடுத்துக்கொள்கிறார்கள். மழை பெய்த வருடங்களில் அதைத் தளர்த்தச் சொல்லிக் கேட்கிறோம், கேட்பதும் நியாயம்தான். ஆனால் 17 என்பது விற்பதற்கான ஈரம், வைப்பதற்கான ஈரம் அல்ல. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் டெல்டாவில் நான் காண்கிற பெரிய பிசகு.

எனவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். இரண்டில் எது பெரிய எதிரி என்று கேட்டால், கண்ணுக்குத் தெரிகிற எலியை அல்ல, வண்டைத்தான் சொல்வேன். எலி வந்த தடயத்தை விட்டுச் செல்கிறது. அதைப் பார்த்து இரவோடு இரவாகச் செயல்படலாம். வண்டு தடயம் காட்டும்போது கணக்கு முடிந்திருக்கும்.

இங்கே விவசாயம் செய்கிறவர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த அறுவடையில் வீட்டுக்கென்று ஒதுக்குகிற நெல்லையாவது, பல்லில் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடைகிற பதம்வரை காயவைத்து, ஆறவைத்து, அதன் பிறகு மூடியுள்ள இரும்புப் பெட்டியிலோ டிரம்மிலோ கட்டுங்கள். பழைய சாக்கைத் துவைத்து வெயிலில் காயவைக்காமல் புது நெல்லைக் கொட்டாதீர்கள், போன வருடத்து வண்டு அதன் தையலில் உட்கார்ந்திருக்கும். புது நெல்லைப் பழைய நெல்லோடு ஒரே அறையில் வைக்காதீர்கள். முப்பதாம் நாள் ஒரு கைப்பிடி எடுத்து முறத்தில் போட்டுப் பாருங்கள்.